இந்த மாதமும் ஓ.டி.

நான் இப்போது இருக்கும் ஊரில், கணக்கில் காசு இல்லாவிட்டாலும் ஏ.டி.எம். காசு கொடுக்கும். வந்த புதிதில் இதை நம்ப எனக்குக் கொஞ்ச காலம் பிடித்தது. கனடாவில், டொராண்டோவிலிருந்து பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் உள்ள ஒரு சின்ன ஊர் இது. ஒரு மெயின் ரோடு, ஒரு ஆறு, நாலைந்து தொழிற்சாலைகள், எதிரெதிரே இரண்டு வங்கிகள். சென்னீர்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த ஏ.டி.எம். இதற்கு நேர் எதிர். கணக்கில் காசு இருந்தாலும் அது கொடுக்காது. கார்டை உள்ளே வாங்கி, நெடுநேரம் யோசித்து, மன்னிக்கவும் என்று வெளியே தள்ளும். வாட்ச்மேன் நாற்காலியை விட்டு எழாமலே, “உள்ள பணம் கிடையாது சார், பூந்தமல்லி போயிடு” என்பார். அந்த மெஷின் மேல் எனக்கு எரிச்சல் வந்ததுண்டு, பயம் வந்ததில்லை. இங்கே உள்ளதோ கேட்டதைக் கேட்டபடி எண்ணிக் கொடுத்து, நன்றியும் சொல்லிவிடுகிறது. இரண்டு நாள் கழித்துப் போனில் பார்த்தால் தொகைக்கு முன்னால் ஒரு கழித்தல் குறி நிற்கும். அதற்குக் கீழே, இல்லாத பணத்தை எடுத்ததற்காக ஒரு கட்டணம். நானே கேட்டு நானே வாங்கிய பணம் என்பதால் யாரையும் திட்டவும் வழியில்லை.

இந்த வசதிக்கு இங்கே ஓவர்டிராஃப்ட் புரொடெக்‌ஷன் என்று பெயர். கணக்குத் திறக்கப் போன அன்று, மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த பெண் “அது வேண்டுமா?” என்று கேட்டாள். சின்னப் பெண், முகத்தில் அவ்வளவு கனிவு. புரொடெக்‌ஷன் என்றால் பாதுகாப்பு என்ற அளவுக்கு எனக்கு இங்கிலீஷ் தெரியும். திருடன் கிருடன் வந்தால் காப்பாற்றுவார்கள் போலிருக்கிறது என்று, வேண்டும் என்றேன். அவள் மகிழ்ச்சியோடு எதையோ தட்டிவிட்டு, “வீ காட் யூ கவர்ட், ஆன்ட்டனி” என்றாள். என் பெயர் அந்தோணி. அவள் சொன்னதில் கவர் என்ற சொல் மட்டும் என் காதில் தெளிவாக விழுந்தது. ஏதோ கவரில் போட்டுத் தரப்போகிறாள் என்று நின்றுகொண்டிருந்தேன். அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். வேறு ஏதாவது வேண்டுமா என்று கேட்டபோது, “கவர்” என்றேன். அவள் ஒரு கணம் திகைத்து, உள்ளே போய் நீளமான வெள்ளைக் கவர் ஒன்றை எடுத்துவந்து கொடுத்தாள். காலிக் கவர். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றுதான் அவள் சொல்லியிருந்தாளாம். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கடைக்காரரிடம் மாதாமாதம் வந்து ‘உன் பாதுகாப்புக்குத்தான்’ என்று வாங்கிப்போவதற்கு எங்கள் பக்கத்தில் மாமூல் என்று பெயர். அது அப்போதே நினைவுக்கு வந்திருந்தால் நான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டியிருந்திருக்காது.

திருமழிசை எஸ்டேட்டில் பம்புக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் வருடக்கணக்கில் லேத்தில் நின்றவன் நான். அங்கே ஓ.டி. என்றால் ஓவர்டைம். வேறு அர்த்தம் கிடையாது. சூப்பர்வைசர் கரும்பலகையில் ‘இன்று ஓ.டி.’ என்று எழுதிக் கீழே பெயர்களைப் போடுவார். டீ குடிக்கப் போகிற சாக்கில் எல்லோரும் அந்தப் பக்கமாக ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். பெயர் இல்லாதவன் அன்றைக்கு முழுக்க யாரோடும் சரியாகப் பேசமாட்டான். எங்கள் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தது ஓ.டி.யில். மகள் ஷைனியின் முதல் வருட ஸ்கூல் ஃபீஸ் கட்டியது ஓ.டி.யில். ஆனால் என் மனைவி பிலோமினாவுக்கு அந்தச் சொல்லே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவளும் குழந்தையும் மட்டும் போய் வரும் வாரங்களில், மதியச் சோற்றைத் தட்டில் வைக்கும் சத்தத்திலேயே அவள் கோபம் எனக்குத் தெரிந்துவிடும். “உலகத்தைப் படைச்ச சாமிக்குக்கூட ஒரு நாள் லீவு இருந்துச்சு” என்பாள். நான் தலையைக் குனிந்து சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வேன். சாயங்காலத்துக்குள் சரியாகிவிடும். பக்கத்தில் இருப்பவர்களின் சண்டைக்கு அப்படி ஒரு வசதி உண்டு.

பிலோமினாவைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். அவள் பூந்தமல்லியில் ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் டீச்சர். போனில் நான் இங்கிலீஷ் எழுத்தில் தமிழை அடித்து அனுப்பினால் அவளிடமிருந்து பதிலே வராது. நான் கனடாவுக்கு வந்த முதல் வாரம், குளிர் எப்படி இருக்கிறது, சாப்பாட்டுக்கு என்ன செய்கிறேன் என்றெல்லாம் வழக்கம்போல இங்கிலீஷ் எழுத்தில் நீளமாக எழுதி அனுப்பினேன். அதைப் படமெடுத்து, சிவப்பில் வட்டம் போட்டு, ‘மீண்டும் எழுதவும்’ என்று திருப்பி அனுப்பினாள். வீட்டில் இருந்தவரை இது எங்களுக்குள் ஒரு விளையாட்டு. இவ்வளவு தூரம் வந்த பிறகு அது ஒரு மரியாதை மாதிரி ஆகிவிட்டது. லேத்தில் தேய்ந்த விரல்களால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தமிழில் அடித்தேன். ‘ஓவர்டிராஃப்ட்’ என்று அடித்துப் பாருங்கள், என் கஷ்டம் தெரியும். ஆய்த எழுத்து எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்குள் பஸ் வந்துவிடும்.

இங்கே நான் வேலை செய்வது ஒரு சின்ன மெஷின் ஷாப். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காகிதச் செக்கில்தான் சம்பளம். அதை வங்கியில் போட்டால் பணம் கணக்கில் வந்துவிட்டதாகக் காட்டும், ஆனால் தொட முடியாது. ஹோல்டு என்பார்கள். புதுக் கணக்கு என்பதால் சில நாள் நிறுத்திவைத்துத்தான் விடுவார்களாம். போனில் இரண்டு தொகை தெரியும். ஒன்று என் பணம், இன்னொன்று நான் எடுக்கக்கூடிய என் பணம். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நான் புரிந்துகொள்வதற்குள் வீட்டு வாடகை தானாகப் போய்விட்டது, கணக்கு மைனசுக்கு இறங்கிவிட்டது, கட்டணம் விழுந்துவிட்டது. கட்டணம் விழுந்ததால் குறைந்தபட்ச இருப்பு இல்லாமல் போயிற்று. அந்த இருப்பு இருந்தால் தள்ளுபடியாகும் மாதச் சந்தா, அது இல்லாததால் பிடிக்கப்பட்டது. சந்தா பிடித்ததில் போன் பில்லுக்குப் பணம் போதவில்லை, அதற்கு இன்னொரு கட்டணம். போய்க் கேட்டேன். அதே பெண், அதே கனிவோடு விளக்கினாள். அடிக்கடி மைனசில் போகிற கணக்குகளுக்கு ஹோல்டை எடுக்க மாட்டார்களாம். ஹோல்டு இருப்பதால்தான் மைனசில் போகிறது, அம்மா, என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். “ஐ ஹியர் யூ” என்றாள். காது கேட்கிறது, விஷயம் விளங்கவில்லை என்கிறாள் போலிருக்கிறது என்று, இன்னும் சத்தமாக ஒருமுறை சொன்னேன். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். காது கேட்கிறது என்று அவள் சொல்லவில்லை, உன் கஷ்டம் புரிகிறது, ஆனால் ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்கிறாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஓவர்டைம் பார்த்துச் சரிக்கட்டலாம் என்றால் இங்கே அதுவும் இல்லை. ஆர்டர் குறைவு. சில வெள்ளிக்கிழமைகளில் வேலைக்கே வரவேண்டாம் என்றுவிடுவார்கள். சொன்னால் யார் நம்புவார்கள்? விசாவுக்கு ஆன செலவு, ஊருக்கு அனுப்புவது, நிலவறை அறையின் வாடகை எல்லாம் போக மீதியை இந்தக் கட்டணம் தின்றுகொண்டிருந்தது. இதை வாயால் பிலோமினாவிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. கனடாவுக்குப் போனவன் கணக்கில் கழித்தல் குறி என்று எப்படிச் சொல்வது? வங்கி அனுப்பும் பட்டியலில் அந்த வரிக்கு இங்கிலீஷில் இரண்டே எழுத்துதான் போட்டிருப்பார்கள். அதையே நானும் தமிழில் போட்டு ஒருநாள் எழுதி அனுப்பினேன்: ‘இந்த மாதம் ஓ.டி. ஆகிவிட்டது. பணம் கொஞ்சம் தாமதமாகும்.’ அவளிடமிருந்து, ‘சரி. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்று வந்தது. திட்டாமல் விட்டாளே என்று எனக்கு அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த மாதம், ‘இந்த மாதமும் ஓ.டி.’ என்று எழுதினேன். அவள் ‘சரி’ என்று மட்டும் எழுதினாள். போகப்போக அந்தச் ‘சரி’யும் சுருங்கிக் கட்டைவிரல் படமாகிவிட்டது.

ஷைனிக்குப் புதுநன்மை கொடுக்கும் வருடம் வந்தது. எங்கள் சபையில் குழந்தைகள் முதல்முறையாக நன்மை வாங்கும் நாள் ஒரு சின்னக் கல்யாணம் மாதிரி. வெள்ளைக் கவுன், தலையில் பூவளையம், கையில் மெழுகுவர்த்தி. வீட்டில் பிரியாணி. அப்பா அம்மா இரண்டு பக்கமும் நிற்க, குழந்தை நடுவில் நடந்து பீடத்துக்குப் போகும். வந்துவிடுவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். டிக்கெட்டுக்குச் சேர்த்துவைத்ததில் வங்கி மூன்று முறை கைவைத்தது. கடைசியில், ‘ஓ.டி.யை விட்டு வெளியே வர முடியவில்லை. டிக்கெட் போட வழியில்லை. ஷைனியிடம் நீயே சொல்லிவிடு’ என்று எழுதினேன். நெடுநேரம் அவள் ஏதோ அடித்துக்கொண்டிருப்பதாகப் போன் காட்டியது. அடித்து அடித்து அழித்திருக்க வேண்டும். வந்தது ஒரே சொல்தான், ‘புரிகிறது.’ படங்கள் வந்தன. ஷைனியின் இடது பக்கம் பிலோமினா, வலது பக்கம் என் மச்சினன், எனக்கென்று தைத்துவைத்திருந்த சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றிருந்தான். ஷாப்பில் சாப்பாட்டு நேரத்தில் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மெஷின்காரன் டேல் எட்டிப் பார்த்து, பள்ளிக்கூட நாடகமா, உன் மகள் தேவதை வேஷமா என்று கேட்டான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கிச் சொன்னால், நீ ஏன் போகவில்லை என்று அடுத்துக் கேட்பான்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமைகளில் பிலோமினாதான் கூப்பிடுவாள். அது எப்போது நின்றது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. வார நாட்களில் ஷைனியோடு பேசும்போது இடையில் போனை வாங்கி, சாப்பிட்டீர்களா என்று கேட்பாள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எனக்கு இங்கே ஒரு வேலையும் கிடையாது. மூன்று மாதத் துணியைக்கூட ஒரே காலையில் துவைத்துவிடலாம். பக்கத்தில் கோயில் இருக்கிறது, போனால் பத்துப் பதினைந்து கிழவர்கள், யாரும் யார் பக்கத்திலும் உட்காருவதில்லை. திரும்பி வந்து கட்டிலில் படுத்து, வயிற்றின் மேல் போனை வைத்துக்கொள்வேன். அறையின் ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கிறது. போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். நான் கூப்பிடலாம்தான். கூப்பிட்டால், டிக்கெட்டுக்கு வழியில்லாத கையாலாகாதவனிடம் பேச அவளுக்கு விருப்பமில்லை என்பது தெரிந்துபோய்விடுமே என்று பயம். அவளே கூப்பிட்டால் பேசலாம் என்று காத்திருப்பேன். அங்கே நடுராத்திரி ஆகி அவள் தூங்கியிருப்பாள் என்று தெரிந்த பிறகும், ஜன்னலில் வெளிச்சம் போகும்வரை அப்படிக் கிடப்பேன். எழுந்து விளக்கைப் போடத் தோன்றாது.

போன டிசம்பருக்கு முன்னால், கட்டிய வரியில் கொஞ்சம் திரும்பி வந்தது. வங்கி அதைப் பார்ப்பதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன். இரண்டு வருடம் கழித்து ஊருக்குப் போனேன். ஐயப்பன்தாங்கலிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ரோட்டுக்கு நடுவே மெட்ரோ தூண்கள் வரிசையாக நிற்க, எனக்கு ஸ்டாப்பிங்கே அடையாளம் தெரியவில்லை. கண்டக்டர்தான் தள்ளி இறக்கிவிட்டார். வீட்டில் ஷைனி என் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பிலோமினா சிரித்த முகத்தோடுதான் வரவேற்றாள், மீன் குழம்பு வைத்தாள், சூட்கேசைத் தானே உள்ளே எடுத்து வைத்தாள். எல்லாம் விருந்தாளிக்குச் செய்கிற மாதிரி இருந்தது. குளியலறையில் எனக்குப் புதுத் துண்டு தொங்கியது.

மூன்றாம் நாள் பூந்தமல்லி வங்கிக்குப் போனேன். திருமழிசை கம்பெனியில் இருந்தபோது சம்பளத்துக்காகத் திறந்த கணக்கு அது. அதில் கொஞ்சம் விட்டுவைத்திருந்தேன். பார்த்தால் ஒன்றுமே இல்லை. கம்பெனியை விட்டு நின்றதும் அது சம்பளக் கணக்கு இல்லையாம், சாதாரணக் கணக்கு ஆகிவிட்டதாம். சாதாரணக் கணக்கில் மினிமம் பேலன்ஸ் இருக்க வேண்டுமாம், இல்லாததற்குப் பிடித்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். யாருக்குச் சொன்னீர்கள் என்று கேட்டேன். “எஸ்.எம்.எஸ். வந்திருக்கும் சார்” என்றார் கவுண்டரில் இருந்தவர். நான் ஊரில் இல்லாததால் செயலிழந்துபோன நம்பருக்கு வந்திருக்கும். கனடாவில் கோபப்பட எனக்கு இங்கிலீஷ் போதாது. இங்கே தமிழ் இருந்தது, ஆனால் கோபப்படத் தெம்பு இல்லை. வெளியே வந்தேன்.

எதிரே டீக்கடையில் குமாரு நின்றிருந்தான். திருமழிசையில் எனக்கு அடுத்த லேத்தில் நின்றவன். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருக்காரன். என்னைப் பார்த்ததும் கிளாசை வைத்துவிட்டு வந்தான்.

“இன்னா மாமே, எப்ப வந்த. அந்த ஊர்ல சோறு கீறு போட மாட்டாங்களா, துரும்பா கீற.”

“வேல அப்பிடி, குமாரு.”

“தெரியும் தெரியும். ஓ.டி. மேல ஓ.டி. அடிச்சிகினு கீறியாமே. அண்ணிதான் எங்க ஊட்ல சொல்லிச்சாம். கொயந்தைக்குப் புதுநன்மை, அதுக்குக்கூட ஓ.டி.ய வுட்டுட்டு வர மன்சு வர்லயாமே உனுக்கு. இன்னா மாமே நீ. துட்டு எப்ப வோணா வரும்.”

நான் அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் சொன்னது ஓவர்டைம். குடிக்கிற டீயில் வருகிற, நாக்கைத் தட்டி விடுகிற டீ அது. இரண்டு வருடமாக என் தலைக்குள் இருந்தது டிசம்பரில் வருகிற டி. வாயால் சொல்லியிருந்தால் ஒரு நொடியில் தெரிந்திருக்கும். இங்கிலீஷ் எழுத்தில் அடித்திருந்தாலும் தெரிந்திருக்கும். தமிழில் எழுதினால் இரண்டுக்கும் ஒரே எழுத்து. கடன்பட்டுக் கிடக்கிறேன் என்று நான் மாதாமாதம் எழுதி அனுப்பியதை எல்லாம், சம்பாதித்துக்கொண்டிருக்கிறேன், வரமாட்டேன் என்று அவள் படித்திருக்கிறாள். கரும்பலகை முன்னால் அத்தனை வருடம் நின்ற எனக்கு இது தோன்றவே இல்லை. குமாரு எனக்கும் ஒரு டீ சொன்னான். எப்படிக் குடித்தேன் என்று தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது பிலோமினா மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். ஷைனி டியூஷன் போயிருந்தாள்.

“நான் உனக்கு ஓ.டி. ஓ.டி.ன்னு எழுதுனனே, அத இன்னான்னு நெனச்ச?” என்று கேட்டேன்.

“ஓ.டி.ன்னா ஓ.டி.தான். ஓவர்டைம். உங்களுக்குத் தெரியாததா.”

“அது ஓவர்டைம் இல்ல, பிலோ. ஓவர்டிராஃப்ட். கணக்குல காசு இல்லாம மைனஸ்ல போயிடுச்சின்னா பேங்க்ல ஃபைன் போடுவான். அதத்தான் எழுதுனேன். அங்க ஓவர்டைமே கெடையாது.”

கையிலிருந்த பள்ளிக்கூட யூனிஃபார்மை மடிக்க ஆரம்பித்தவள், பாதியில் நிறுத்தினாள். “புதுநன்மைக்கு வராதது?”

“அதனாலதான். டிக்கெட்டுக்குக் காசு இல்ல.”

“அதை அப்படியே எழுதறதுக்கு என்னங்க?”

“நீட்டி எழுத வெக்கமா இருந்துச்சு.”

யூனிஃபார்மின் கசங்கிய காலரை விரலால் நீவினாள். பிறகு, வகுப்பில் பேசுகிற குரலில், “தமிழ்ல டகரத்துல எந்தச் சொல்லும் ஆரம்பிக்காது. வருஷா வருஷம் புள்ளைங்களுக்கு நடத்தறேன்” என்றாள். “வெளியில இருந்து வந்த சொல்லு எல்லாத்தையும் அந்த ஒரே எழுத்துல போட்டு அடைக்கிறோம். தமிழ்லதான் எழுதணும்னு உங்க உயிரை வாங்கினதும் நான்தான்.” சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை.

யூனிஃபார்மை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “ஞாயித்துக்கிழமை சாயங்காலப் பூசையில உக்காந்திருக்கும்போது, இந்நேரம் மெஷின்ல நிப்பீங்கன்னு நெனச்சுக்குவேன். கோவமா வரும். நீங்க மெஷின்லயும் இல்லன்னா, ஞாயித்துக்கிழமையில எங்க இருந்தீங்க?”

“ரூம்லதான்.”

“ரூம்ல என்ன பண்ணுவீங்க?”

“ஒண்ணும் இல்ல. படுத்துனு இருப்பேன். நீ கூப்புடுவன்னு.”

“ஓ.டி.யில நிக்கிறவரை எதுக்குத் தொந்தரவு பண்ணணும், மெஷின்ல கையைக் கீயை விட்டுடப் போறாருன்னு நான் கூப்பிடாம இருந்தேன்” என்றாள். “எத்தனையோ ஞாயித்துக்கிழமை போனைக் கையில எடுத்து எடுத்து வெச்சிருக்கேன்.”

வங்கி என்னிடம் பிடித்த பணத்தை உட்கார்ந்து கணக்குப் போட்டால் வந்துவிடும். இந்த ஞாயிற்றுக்கிழமைகளை என்னால் கணக்குப் போட முடியவில்லை. உலகத்தின் இந்த மூலையில் ஒருவன் வயிற்றின் மேல் போனை வைத்துக்கொண்டு படுத்திருக்க, அந்த மூலையில் ஒருத்தி போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்திருக்கிறாள். ரோட்டில் லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போயின. நாங்கள் இரண்டு பேரும் துணிக்கொடிக்குக் கீழே உட்கார்ந்துவிட்டோம். ஷைனி டியூஷன் விட்டு வந்து, கீழிருந்து கூப்பிட்ட பிறகுதான் எழுந்தோம்.

இறங்கும்போது, குமாருவிடம் போய் நடந்ததைச் சொல்லப்போகிறேன் என்றேன். பிலோமினா என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். “வேணாம். தெருவுல இப்ப நெனக்கிற மாதிரியே நெனச்சிக்கட்டும்.”

“பொண்ணு விசேஷத்துக்கு வராம காசு காசுன்னு அலைஞ்சவன்னு இல்ல நெனக்கிறாங்க.”

“காசு இல்லாதவர்னு நெனக்கிறதுக்கு அது தேவலை” என்றாள். என் மனைவி சொன்னதில் ஞாயம் இருந்தது. அவள் அந்தத் தெருவில் வாழவேண்டியவள். நான் விமானம் ஏறிப் போய்விடுவேன்.

திரும்பி வந்ததும் முதல் வேலையாக வங்கிக்குப் போய், அந்தப் பாதுகாப்பு வேண்டாம், எடுத்துவிடுங்கள் என்றேன். நிச்சயமாகவா என்று மூன்று விதமாகக் கேட்டாள் அந்தப் பெண். கணக்கையே மூடப் போகிறேன் என்று அவள் பயந்தது எனக்குப் புரிந்தது, ஆனால் அந்தப் பயத்தை நீக்க நான் அவசரப்படவில்லை. கடைசியில் உள்ளே போய் யாரிடமோ பேசிவிட்டு வந்து, கர்ட்டஸியாக ஒரே ஒரு கட்டணத்தை மட்டும் திருப்பித் தருகிறோம் என்றாள். கர்ட்டஸி என்றால் மரியாதை. எடுத்ததெல்லாம் விதிப்படி, கொடுத்தது மட்டும் மரியாதைக்காக. வாங்கிக்கொண்டேன். என்னைப் போல் வந்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன், இங்கே யாராவது புன்னகையோடு பாதுகாப்பு தருகிறோம் என்றால், அதற்கு மாதம் எவ்வளவு என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்கு எழுதும்போது வெட்கப்படாமல் நீட்டி எழுதுங்கள், அல்லது வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நான் ஆர்டர் இல்லாத அதே ஷாப்பில்தான் இன்னும் இருக்கிறேன். அவர்களை இங்கே அழைத்துக்கொள்ளும் வழி தெரியவில்லை, நான் அங்கே போய்விடும் தைரியமும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகள் மட்டும் மாறிவிட்டன. எனக்குக் காலை விடிகிற நேரத்தில் அங்கே சாயங்காலம். பிலோமினா வீடியோவில் கூப்பிட்டு, போனைச் சமையலறை அலமாரியில் புளி டப்பா மேல் சாய்த்துவைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பாள். அதிகம் பேசுவதற்கு ஒன்றும் இருக்காது. குக்கர் விசில் அடிக்கும், ஷைனி ஓடுவாள், சுவரில் பல்லி ஒன்று எட்டிப் பார்க்கும். நான் இங்கே காப்பி போட்டுக்கொண்டு வந்து, கட்டிலில் உட்கார்ந்து அங்கே இருப்பேன். போன வாரம் பக்கத்து வீட்டு ரோசி அக்கா கறிவேப்பிலை கேட்டு உள்ளே வந்தார். அலமாரிப் பக்கம் அவர் திரும்பவில்லை.

“இன்னா பிலோ, அண்ணன் இந்த வாட்டியும் பேசுலயா. ஞாயித்துக்கிழமைகூட வேலையா?”

பிலோமினாவின் கை ஒரு கணம் நின்றது. என் பக்கம் அவள் பார்க்கவில்லை.

“ஆமாக்கா, வேலையிலதான் இருக்காரு” என்றாள்.

“பாவம், ஒயக்கிற மன்சன்” என்றார் ரோசி அக்கா, நின்று பேசுகிற எண்ணத்தோடு கதவில் சாய்ந்துகொண்டார். எனக்கு இருமல் வந்தது. என் குரல் அந்தச் சமையலறையில் கேட்டுவிடக் கூடாது என்று இந்தப் பக்கத்து மைக்கை அணைத்தேன். கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு அவர் போகும்வரைக்கும், என் வீட்டு அலமாரியில் நான் சத்தம் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.